எலக்ட்ரான் கூடுகளும் அணுக்களின் குணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோடியம் தண்ணீரில் விழுந்தால் ஏன் அப்படிச் சீறுகிறது, அணு எண்ணில் அதற்கு ஒன்று முன்னால் இருக்கும் நியான் ஏன் எதற்கும் அசைவதில்லை என்று ஆரம்பித்து, பதினோராம் வகுப்பு வேதியியல் படிப்பவர்களுக்கும் படித்து மறந்தவர்களுக்கும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை இங்கே ஒரே இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். கீழே வரும் ஆற்றல் எண்கள் எல்லாம் ஒரு மோலுக்கு (மோல் என்பது அணுக்களை எண்ணும் ஒரு அலகு) எத்தனை கிலோஜூல் என்ற கணக்கு, ஒவ்வொரு தடவையும் அதைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை.

கூடு என்றால் அணுக்குள் நிஜமாகவே ஓடு மாதிரி ஏதாவது இருக்கிறதா?

இல்லை. நடுவில் அணுக்கரு, சுற்றி வட்டம் வட்டமாகக் கோடு, கோட்டின் மேல் புள்ளி வைத்து எலக்ட்ரான் என்று நாம் வரையும் படம் 1913இல் நீல்ஸ் போர் கொடுத்த மாதிரியின் மிச்சம். ஒரே எலக்ட்ரான் உள்ள ஹைட்ரஜனுக்கு அது அருமையாகப் பொருந்தியது. இரண்டு எலக்ட்ரான் உள்ள ஹீலியத்திலேயே தடுமாறிவிட்டது. இன்று நமக்குத் தெரிந்த வரை எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட பாதை கிடையாது, இந்த இடத்தில் இருக்க இவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும். கூடு என்பது ஏறத்தாழ ஒரே ஆற்றல் அளவில், கருவிலிருந்து ஏறத்தாழ ஒரே சராசரித் தூரத்தில் இருக்கும் எலக்ட்ரான்களின் தொகுப்பு, அவ்வளவுதான்.

ஒவ்வொரு கூட்டிலும் இத்தனை பேர்தான் என்ற வரம்பு மட்டும் கறாரானது. முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18, நான்காவதில் 32. ஒரு ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள பகுதி) இரண்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இருக்க முடியாது என்று 1925இல் பௌலி சொன்ன தவிர்க்கை விதிதான் இதற்கெல்லாம் அடிப்படை. அந்த விதி இல்லையென்றால் எல்லா எலக்ட்ரான்களும் அடிமட்டக் கூட்டுக்குள்ளேயே போய் அடைந்துவிடும், நமக்குத் தெரிந்த வேதியியல் என்று ஒன்று இருக்காது.

பார்க்கவே முடியாததை இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். சோடியத்துக்கு 11 எலக்ட்ரான்கள். முதல் ஒன்றைப் பிடுங்க 496 போதும். இரண்டாவதற்கு ஒரேயடியாக 4,562. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஒன்பதாவதற்கு 28,900 அளவில் வந்து நிற்கிறது. பத்தாவதற்கு மறுபடியும் ஒரு தாவல், 1,41,000க்கு மேல். தாவல் எங்கெங்கே விழுகிறது என்று பாருங்கள்: ஒன்று எடுத்த பிறகு, அப்புறம் எட்டு எடுத்த பிறகு, மிச்சம் இரண்டு. வெளியிலிருந்து உள்ளே எண்ணினால் 1, 8, 2. புத்தகத்தில் சோடியத்துக்கு 2, 8, 1 என்று போட்டிருப்பது யாரோ வசதிக்காகப் பிரித்து எழுதியது இல்லை, அளந்து பார்த்த எண்களிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது.

ஆய்வகம் வேண்டாம் என்றால் சமையலறைக்கே போகலாம். உப்புப் போட்ட குழம்பு பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். சுடரின் சூட்டில் உப்பிலிருந்து சோடியம் அணுக்கள் உண்டாகி, அவற்றின் கடைசி எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறி, மறுபடி கீழே விழும்போது 589 நானோமீட்டர் அலைநீளத்தில் மஞ்சள் ஒளியாக ஆற்றலைக் கொட்டுகிறது. தெருவிளக்குகளில் பழைய சோடியம் விளக்கு தரும் மஞ்சளுக்கும் மூலம் இந்தத் தாவல்தான். உள்ளே இருக்கும் பத்து எலக்ட்ரான்கள் இதில் எதிலும் கலந்துகொள்வதில்லை.

வேதிவினையில் வெளிக்கூட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை மரியாதை?

இன்னொரு அணு நெருங்கி வரும்போது முதலில் முட்டுவது வெளிக்கூடுதான், அது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது ஆற்றல். சாதாரண வேதிவினைகளில் கைமாறும் ஆற்றல் சில நூறு, மிஞ்சிப்போனால் சில ஆயிரம் கிலோஜூல். சோடியத்தின் உள்கூட்டைத் தொடவே 4,562 ஆகும் என்று மேலே பார்த்தோம், அந்தச் செலவுக்கு ஈடு கொடுக்கும் வரவு எந்த வினையிலும் அதற்குக் கிடைப்பதில்லை.

உள்கூடுகள் சும்மாவும் இருப்பதில்லை. கருவின் இழுப்பை அவை மறைக்கின்றன. பொதுக்கூட்டத்தில் முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவருக்கு மேடை பாதிதான் தெரியும், அந்தக் கதைதான். சோடியத்தின் கருவில் 11 புரோட்டான்கள் இருந்தும் கடைசி எலக்ட்ரான் உணரும் இழுப்பு ஏறத்தாழ இரண்டரை புரோட்டான் அளவுதான். அதே வரிசையில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருக்கும் குளோரினுக்கு உள்கூட்டில் அதே பத்துப் பேர்தான், ஆனால் கருவில் 17 புரோட்டான்கள், அதனால் அதன் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் உணரும் இழுப்பு ஆறுக்கு மேல். ஒரே வரிசையில் இடமிருந்து வலமாகப் போகும்போது எலக்ட்ரான்கள் கூடிக்கொண்டே போனாலும் அணு சுருங்குவதற்கும், சோடியம் எலக்ட்ரானை இழப்பதற்கும், குளோரின் பிடுங்கிக்கொள்வதற்கும் காரணம் இங்கே இருக்கிறது.

சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்க ‘விரும்புகிறது’, குளோரின் வாங்க ‘விரும்புகிறது’ என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, சரிதானா?

இந்தப் பக்கத்தை எழுதவே இந்தக் கேள்விதான் காரணம். சரியில்லை. சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்பியிருந்தால் அதைப் பிடுங்க நாம் 496 செலவழிக்க வேண்டியதில்லையே. எந்தத் தனிமமாக இருந்தாலும், தனி அணுவிலிருந்து எலக்ட்ரானை எடுப்பது செலவுதான், விதிவிலக்கே கிடையாது.

கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். கெட்டியான சோடியத்தைத் தனித்தனி அணுக்களாக்க 107 செலவு. குளோரின் மூலக்கூறைப் பாதியாக உடைத்து ஒரு அணு எடுக்க 122 செலவு. சோடியத்திடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 செலவு. குளோரின் அதை வாங்கிக்கொள்ளும்போது கிடைக்கும் வரவு 349. இது வரைக்கும் கூட்டினால் 376 நஷ்டம். ‘கொடுத்தான், வாங்கினான், இருவருக்கும் வெளிக்கூட்டில் எட்டு வந்துவிட்டது, சந்தோஷம்’ என்று கதை இங்கேயே முடிந்தால் உலகத்தில் உப்பே இருந்திருக்காது.

நஷ்டத்தை அடைப்பது கடைசிப் படி. எலக்ட்ரானை இழந்த நேர்மின் சோடியம் அயனிகளும் அதை வாங்கிய எதிர்மின் குளோரைடு அயனிகளும் ஒன்றையொன்று சூழ்ந்து படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது வெளிவரும் படிகக்கூடு ஆற்றல் 787. ஆக நிகர லாபம் 411. உப்பு உருவாகும்போது அளக்கப்படும் ஆற்றலும் அதுதான்.

அப்படியானால் எட்டுக்கு எந்த வேலையும் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது, எங்கே நிறுத்துவது என்று சொல்வது அதன் வேலை. சோடியம் இன்னொரு எலக்ட்ரானையும் இழந்து இரட்டை நேர்மின் அயனியானால் படிகத்தின் இழுப்பு இன்னும் அதிகமாகும், லாபமும் கூடுமே என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டாவது எலக்ட்ரான் உள்கூட்டிலிருந்து வர வேண்டும், விலை 4,562, அவ்வளவு வரவு வராது. மெக்னீசியத்துக்கு வெளிக்கூட்டில் இரண்டு இருப்பதால் 738, 1,451 என்று இரண்டையும் கொடுத்துவிட்டு, ஆக்சிஜனோடு சேர்ந்து 3,800 அளவுக்குப் படிகக்கூடு ஆற்றலை ஈட்டிக்கொள்கிறது. மூன்றாவது எலக்ட்ரானுக்கு 7,733 ஆகும் என்பதால் அங்கே நின்றுவிடுகிறது. எட்டு என்பது அணுவின் ஆசை இல்லை, இதற்கு மேல் போனால் கட்டுப்படியாகாது என்கிற எல்லை.

அப்போ தேர்வில் ‘எண்ம நிலையை (வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்) அடைவதற்காக’ என்று எழுதக் கூடாதா?

எழுதுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். கீழே படிகக்கூடு ஆற்றலைப் பற்றி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தனிம அட்டவணையில் கீழே போகப் போக கார உலோகங்களின் (லித்தியம், சோடியம், பொட்டாசியம் போன்றவை) வேகம் கூடுகிறது, ஹாலஜன்களின் (ஃபுளூரின், குளோரின் போன்றவை) வேகம் குறைகிறது. ஒரே காரணம் எப்படி இரண்டு விளைவு தரும்?

கீழே போகப் போகக் கூடு ஒன்று கூடுகிறது, வெளிக்கூடு கருவிலிருந்து தள்ளிப் போகிறது, பிடி தளர்கிறது. எலக்ட்ரானை இழப்பவருக்குத் தளர்ந்த பிடி வசதி, பிடுங்க வேண்டியவருக்கு அதுவே பலவீனம். முதல் எலக்ட்ரானைப் பிடுங்கும் செலவு லித்தியத்தில் 520, சோடியத்தில் 496, பொட்டாசியத்தில் 419, சீசியத்தில் 376.

பாடப்புத்தகம் இதோடு விட்டுவிடும், ஆனால் நேரில் பார்த்தவர்களுக்கு அடுத்த சந்தேகம் வரும். மண்ணெண்ணெயில் கிடக்கும் சோடியத்தை எடுத்துக் கத்தியால் வெட்டினால் வெட்டுமுகம் வெள்ளி மாதிரி மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிப் போகும். அதில் சின்னத் துண்டைத் தண்ணீரில் போட்டால் உருகி உருண்டையாகி மேற்பரப்பில் சீறிக்கொண்டு ஓடும். பொட்டாசியம் ஊதா நிறத்தில் பற்றிக்கொள்ளும். லித்தியமோ சாதுவாக நுரைத்துக்கொண்டு மிதக்கும். இத்தனைக்கும் ஒரு மோலுக்கு லித்தியம் வெளியிடும் ஆற்றல் சோடியத்தைவிடக் குறைவில்லை. வித்தியாசம் வேகத்தில். லித்தியம் 180 டிகிரியில்தான் உருகும், அதனால் துண்டு துண்டாகவே கிடந்து மெதுவாக வினைபுரிகிறது. சோடியம் 98 டிகிரியிலேயே உருகி எப்போதும் புதுப் பரப்பைக் காட்டிக்கொண்டே இருக்கிறது, எலக்ட்ரானைப் பிடுங்கும் ஆரம்பச் செலவும் குறைவு. எவ்வளவு ஆற்றல் வரும் என்பதும் எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதும் வேறு வேறு கேள்விகள், இதைக் குழப்பிக்கொள்ளாத ஆள் குறைவு.

ஹாலஜன்களிலும் இப்படி ஒரு முரண் உண்டு. எலக்ட்ரானை வாங்கும்போது ஃபுளூரினுக்குக் கிடைப்பது 328, குளோரினுக்கு 349, அதாவது குளோரினுக்குத்தான் அதிகம். ஃபுளூரின் அணு அவ்வளவு சின்னது, புதிதாக வரும் எலக்ட்ரானை ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஏழும் தள்ளுகின்றன. இருந்தும் ஃபுளூரின்தான் மூர்க்கமானது, ஏனென்றால் அதன் மூலக்கூறை உடைக்க 159 போதும் (குளோரினுக்கு 242), உடைந்த பிறகு மற்ற அணுக்களோடு அது போடும் பிணைப்புகள் மிக வலுவானவை. மறுபடியும் மொத்தக் கணக்குதான் பேசுகிறது, தனி அணுவின் நாட்டம் இல்லை.

ஹீலியத்துக்கும் வெளியில் இரண்டு, மெக்னீசியத்துக்கும் வெளியில் இரண்டு. ஒன்று மந்த வாயு, மற்றது பளீரென்று எரிகிறது. எப்படி?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். ஹீலியத்தின் இரண்டும் முதல் கூட்டில், கருவுக்கு வெகு அருகில், நடுவில் மறைக்க யாரும் இல்லாமல் இருக்கின்றன. ஒன்றைப் பிடுங்க 2,372 ஆகும், எல்லாத் தனிமங்களிலும் இதுதான் உச்சம். புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்றால் முதல் கூட்டில் இடமில்லை, இரண்டாவது கூடோ ஆற்றலில் எங்கோ மேலே இருக்கிறது. மெக்னீசியத்தின் இரண்டும் மூன்றாவது கூட்டில், பத்து எலக்ட்ரான்களுக்குப் பின்னால். வெளிக்கூட்டில் எத்தனை என்பதோடு எந்தக் கூடு, அது நிரம்பிவிட்டதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எதோடும் சேராததால்தான் ஹீலியம் பூமியில் அகப்படாமல் இருந்தது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணத்தை, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி வைத்துப் பார்த்தார். அதே ஆண்டு இங்கிலாந்தில் வானியலாளர் லாக்கியர் சூரிய ஒளியில் சோடியத்தின் மஞ்சளுக்கு மிக அருகே, ஆனால் சோடியத்துக்குச் சொந்தமில்லாத ஒரு மஞ்சள் கோட்டைக் குறித்தார். அந்தக் கோடு ஹீலியத்துடையது. பூமியில் ஹீலியத்தை வேதியியலாளர் ராம்சே பிரித்தெடுக்க 1895 ஆகிவிட்டது, அதுவும் யுரேனியக் கனிமத்துக்குள் சிக்கிக் கிடந்தது.

மூன்றாவது கூட்டில் 18 இடம் என்றால் பொட்டாசியம் ஏன் 2, 8, 9 ஆகாமல் 2, 8, 8, 1 ஆகிறது?

கூட்டுக்குள் துணைக்கூடுகள் இருக்கின்றன, எல்லாம் ஒரே ஆற்றலில் இல்லை. மூன்றாவது கூட்டில் 3எஸ், 3பி, 3டி. முதல் இரண்டும் நிரம்பும்போது எட்டு ஆகிறது, ஆர்கான் வந்துவிடுகிறது. அடுத்த எலக்ட்ரானுக்கு 3டி, 4எஸ் என்று இரண்டு வழி. 4எஸ் சராசரியில் தள்ளி இருந்தாலும் அதன் ஒரு பகுதி உள்கூடுகளைத் துளைத்துக்கொண்டு கரு வரைக்கும் போய்விடுகிறது, அந்த நேரத்தில் மறைப்பு இல்லாத முழு இழுப்பை உணர்கிறது. 3டி அப்படி உள்ளே போவதில்லை. அதனால் பொட்டாசியத்தில் 4எஸ்தான் ஆற்றல் குறைந்த இடம். இந்த ஒரு விஷயத்தால்தான் பொட்டாசியம் சோடியத்தின் தம்பி மாதிரி நடந்துகொள்கிறது.

இரும்புக்கு மட்டும் ஏன் இரண்டு, மூன்று என்று பல இணைதிறன்?

இரும்புக்கு மட்டும் இல்லை, இடைநிலைத் தனிமங்கள் பலவற்றுக்கும் அப்படித்தான். ஸ்காண்டியத்திலிருந்தே 3டி கீழே இறங்கி 4எஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இரும்பில் 3டியில் ஆறு, 4எஸ்ஸில் இரண்டு. முதலில் போவது 4எஸ் இரண்டும், அப்புறம் வேண்டுமானால் 3டியிலிருந்து ஒன்று. செலவு 763, 1,562, 2,957 என்று படிப்படியாக ஏறுகிறது, சோடியத்தில் பார்த்த ஒன்பது மடங்குத் தாவல் இங்கே இல்லை. தாவல் இல்லாததால் எங்கே நிறுத்துவது என்பதை உடன் சேரும் மற்ற அணுக்கள் முடிவு செய்கின்றன: ரத்தசோகைக்குக் கொடுக்கும் ஃபெரஸ் சல்பேட் மாத்திரையில் இரும்பு இரண்டு இழந்த நிலையில், துருவில் மூன்று இழந்த நிலையில்.

நிறமும் இந்த டி எலக்ட்ரான்களிடமிருந்துதான் வருகிறது. மயில்துத்தம் தண்ணீரில் கரைந்தால் நீலம், அதில் செம்பு அயனியின் 3டியில் ஒரு இடம் காலி. துத்தநாக சல்பேட் கரைசல் நிறமற்றது, அங்கே 3டி முழுக்க நிரம்பிவிட்டதால் எலக்ட்ரான் நகர இடமில்லை.

கார்பன் நான்கைக் கொடுத்துவிடலாமே, ஏன் பகிர்ந்துகொள்கிறது?

நான்கையும் பிடுங்க மொத்தம் 14,000க்கு மேல் ஆகும், எந்தப் படிகமும் அதைத் திருப்பித் தராது. அதனால் பகிர்வு. இதிலும் ஒரு சின்ன முதலீடு இருக்கிறது: கார்பனின் வெளிக்கூட்டில் 2எஸ்ஸில் இரண்டு ஜோடியாக, 2பியில் இரண்டு தனித்தனியாக இருப்பதால் நேராகப் பார்த்தால் இரண்டு பிணைப்புதான் போட முடியும். 2எஸ்ஸிலிருந்து ஒன்றை 2பிக்கு ஏற்ற ஏறத்தாழ 400 செலவு, அதனால் கிடைக்கும் இரண்டு கூடுதல் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் தருவது 800க்கு மேல். மீத்தேன் அப்படி வருகிறது.

ஐசோடோப்புகளுக்கு (ஒரே தனிமம், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறு) எடை வேறு, குணம் ஏன் ஒன்று?

நியூட்ரானுக்கு மின்சுமை இல்லை, எலக்ட்ரான்களை அது இழுப்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. குளோரின்-35, குளோரின்-37 இரண்டுக்கும் 2, 8, 7தான். ஹைட்ரஜனில் மட்டும், நியூட்ரான் ஒன்று கூடுதலாக உள்ள டியூட்டீரியம் இரு மடங்கு எடை என்பதால் வினையின் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறும்.

மந்த வாயு வினைபுரியாது என்றால் செனான் சேர்மங்கள் எப்படி?

1962இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நீல் பார்ட்லெட் செய்த வேலை இது, வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த யோசனைகளில் ஒன்று. பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுவதை அவர் ஏற்கெனவே கண்டிருந்தார். ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானை எடுக்க ஆகும் செலவும் செனானிலிருந்து எடுக்க ஆகும் செலவும் (1,170) கிட்டத்தட்ட ஒன்று. அதைப் பிடுங்க முடிந்தால் இதையும் பிடுங்கலாமே என்று சிவப்பு ஆவியையும் நிறமற்ற செனானையும் கலந்தார், அறை வெப்பத்திலேயே ஆரஞ்சு-மஞ்சள் திடப்பொருள் படிந்தது. எட்டு நிரம்பினால் அசையாது என்ற நம்பிக்கை போய்விட்டது. நியானுக்கு அதே செலவு 2,081, அதனால் அது இன்னும் அசையவில்லை.

கூடு மாதிரியால் விளக்கவே முடியாதது ஏதாவது உண்டா?

நிறைய. திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். புள்ளி வைத்து இரட்டைப் பிணைப்பு வரைந்தால் எல்லா எலக்ட்ரான்களும் ஜோடியாகத்தான் வரும், காந்தத்துக்கு வேலையே இருக்கக் கூடாது. உண்மையில் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி சேராமல் இருக்கின்றன, அதைச் சொல்ல மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கை வேண்டும். நைட்ரிக் ஆக்சைடில் வெளி எலக்ட்ரான்கள் மொத்தம் 11, ஒற்றைப்படையை எப்படிப் பிரித்தாலும் இரண்டு பேருக்கும் எட்டு வராது. போரான் டிரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறுதான், சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடில் சல்ஃபரைச் சுற்றி பன்னிரண்டு எண்ணலாம்.

118ஆவது தனிமம் ஒகானெஸ்ஸான் மந்த வாயுக்களின் பத்தியில் இருக்கிறதே, அதுவும் மந்தமா?

கட்டம் அப்படிச் சொல்கிறது: 2, 8, 18, 32, 32, 18, 8. ஆனால் கருவில் 118 புரோட்டான்கள் இருக்கும்போது உள் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடும் அளவுக்குப் போய்விடுகிறது, சார்பியல் விளைவுகளைச் சேர்க்காமல் கணக்குப் போட முடியாது. சேர்த்துப் போட்டால் கூடுகளுக்கு இடையிலான எல்லை மங்குகிறது, வெளியிலிருந்து ஒரு எலக்ட்ரானை அது ஏற்றுக்கொள்ளும் என்றும் வருகிறது, மற்ற மந்த வாயுக்கள் செய்யாத காரியம் அது. அறை வெப்பத்தில் வாயுவாகவே இருக்காது என்றும் கணிப்புகள் உண்டு. இது வரை உருவாக்கியது விரல்விட்டு எண்ணக்கூடிய அணுக்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லி விநாடி அளவில் சிதைந்துவிடுகிறது, வேதிவினை செய்து பார்க்க அந்த நேரம் போதாது என்பதால் இப்போதைக்கு எல்லாம் கணினிக் கணக்குதான்.